பள்ளி எல்லையும் பெற்றோர் வாதமும்

பால்டிமோர் நகருக்கும் வாஷிங்டன் நகருக்கும் நடுவே, மேரிலண்ட் மாநிலத்தில் அமைந்துள்ள ஹவர்ட் கவுண்டி, அமெரிக்க நாட்டிலேயே செல்வமும் கல்வியும் மிகுந்த பிரதேசங்களுள் ஒன்று. வெள்ளையரும் கறுப்பரும், வசதி படைத்தவரும் எளியவரும் அண்டை அயலாராய்க் கூடி வாழவேண்டும் என்னும் லட்சியத்தோடு ஜேம்ஸ் ரவுஸ் என்பவர் 1967-இல் கொலம்பியா என்ற புதுநகரைத் தோற்றுவித்ததும் இங்கேதான். நயத்தோடு நடந்துகொள்ளுமாறு வேண்டும் ஒட்டுச்சீட்டு ஒன்றை இக்கவுண்டியின் நூலகம் பரப்பியதால், அவ்வூர்க் கார்கள் பலவற்றின் பின்புறத்தில் அவ்வாசகம் காணப்படும். இத்தகைய ஊரில், 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பொதுப்பள்ளிகளின் சேர்க்கை எல்லைகளை மாற்றி ஏறத்தாழ 7,400 மாணவரை வேறு பள்ளிகளுக்கு அனுப்புவதென்ற யோசனையைக் கல்விக் கண்காணிப்பாளர் மைக்கேல் மார்ட்டிரானோ வெளியிட்டார். அதன் பிறகு வந்த மாதங்களில் அவ்வூர்ப் பெற்றோர் ஒருவரோடொருவர் பேசிய பேச்சுக்கும் அந்த ஒட்டுச்சீட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை.

அமெரிக்கப் பொதுப்பள்ளி முறையை அறியாத நம்மவருக்கு இங்கே சிறிது விளக்கம் வேண்டும். நம் நாட்டில் நடுத்தர வகுப்புப் பெற்றோர் பள்ளியைத் தேடி அலைந்து, விண்ணப்பம் வாங்கி, கட்டணத்தையும் கட்டிவிட்டு, அதன் பிறகே வீட்டுக்கு வேன் வருமா என்று விசாரிக்கிறார்கள். அங்கேயோ, குடியிருக்கும் வீட்டின் விலாசமே பிள்ளை சேரவேண்டிய பள்ளியைப் பெரும்பாலும் நிர்ணயித்துவிடுகிறது, கட்டணம் இல்லை. ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார். உத்தியோக நிமித்தம் அந்நாட்டுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், வீடு பார்க்கும்போது படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே ‘ஸ்கூல் ரேட்டிங்’ எத்தனை என்று கேட்பது இதனால்தான். ஓரிடத்தில் குடித்தனங்கள் பெருகிப் பள்ளி நிரம்பும்போதோ, புதுப்பள்ளி எழும்பும்போதோ, எல்லைக்கோட்டை மாற்றியே தீரவேண்டும். அவ்வாறு மாற்றுமுன், வரைபடத்தை வெளியிட்டு, பொதுக்கூட்டம் கூட்டிப் பெற்றோரின் அபிப்பிராயங்களையும் ஆட்சேபங்களையும் கேட்டு, பின்னர் கல்விச் சபை வாக்கெடுத்து முடிவு செய்வது அந்நாட்டு வழக்கம். இவ்வழக்கத்தின் குணதோஷங்களை ஹவர்ட் கவுண்டியை முதன்மையாகக் கொண்டு ஆராய்வோம்.

அங்கே கண்காணிப்பாளரின் முன் இருந்த சிக்கல்கள் இரண்டு. கிழக்குப் பகுதியில் புதுக் குடியிருப்புகள் பெருகியதால் பள்ளிகளில் இடம் போதவில்லை. வேறு சில பள்ளிகளிலோ இடம் மிஞ்சியிருந்தது. இது ஒன்று. அரசாங்க உதவியால் இலவசமாகவோ குறைந்த விலையிலோ மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளில் மட்டும் நெருங்கிக் கிடந்தனர் என்பது மற்றொன்று. எல்லை மாற்றும்போது கவனிக்கவேண்டியவை என்று அக்கவுண்டியின் கல்விச் சபை எழுதி வைத்துள்ள விதிகளோ மூன்று திசைகளில் இழுப்பவை: பள்ளியின் கொள்ளளவில் 90 முதல் 110 விழுக்காடு வரை மாணவர் இருக்கவேண்டும், ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதும் அடிக்கடி இடம் மாற்றுவதும் கூடாது, மாணவரின் சமூக, பொருளாதாரக் கலப்பையும் நோக்கவேண்டும். இம்மூன்றையும் ஏககாலத்தில் நிறைவேற்றும் வரைபடத்தை எந்த நிபுணராலும் வரைய முடியாது. கவுண்டி முழுவதையும் ‘பாலிகன்’ எனப்படும் சிறு துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அத்துண்டங்களை இங்குமங்குமாக மாற்றி வைத்துப் பார்ப்பதே அங்குள்ள முறை; அதனால், தெருப் பெயராலும் குடியிருப்பின் பெயராலும் அறியப்பட்டிருந்தவர்கள் அந்த ஆண்டில் தங்கள் பாலிகன் எண்ணைச் சொல்லி வாதாடினார்கள்.

இவ்வாறு பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்பதில் உள்ள நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. அலுவலகத்தில் அமர்ந்து படம் வரைகிறவருக்கு இரண்டு புள்ளிகளின் இடைத்தூரம் தெரியும். அவ்விரண்டுக்கும் நடுவே ஆறு வழிச் சாலை ஓடுவதும், அதைக் கடக்க நடைபாலம் இல்லாததும், மாலையில் அச்சாலையின் நெருக்கடியில் பஸ் அரைமணி நேரம் நின்றுவிடுவதும், அன்றாடம் அவ்வழியே பிள்ளையை அனுப்பும் தாய்க்குத்தான் தெரியும். நடந்தே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பும்படி ஒரு கோடு அமைந்துவிட்டால், அது பிழை என்று எடுத்துக்காட்ட வேறு எவரும் வரப்போவதில்லை. மேலும், தாம் எழுதியதற்குக் காரணம் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் அதிகாரிக்கு ஏற்படுவது ஜனநாயகத்தில் சாமானியமான லாபமன்று. ஹவர்ட் கவுண்டியில் நூற்றுக்கணக்கானவர்கள் பேசிய கூட்டங்களுக்குப் பின், அவ்வாண்டு நவம்பரில் சபை நிறைவேற்றிய திட்டத்தில் இடம் மாறிய மாணவர் தொகை ஏறத்தாழ 5,400 ஆகக் குறைந்தது. கேட்பது வெறும் சடங்கு அன்று என்பதற்கு இதுவே சான்று. அச்சபையில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருப்பதும் சிறப்பான அம்சம். அவர் வாக்களிப்பது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று பிற்பாடு வேறொரு பிரச்சினையில் வழக்குத் தொடரப்பட்டபோது, மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2022-இல் அவர் உரிமையை நிலைநிறுத்தியது. பெற்றோரின் கூக்குரலுக்கு நடுவே, பள்ளிக்குப் போகிறவரின் குரலும் ஒன்று வேண்டுமல்லவா?

இனிக் குற்றங்களுக்கு வருவோம். முதற் குற்றம், அக்கூட்டங்களுக்கு யார் வருகிறார்கள் என்பதில் இருக்கிறது. இருக்கும் பள்ளியை இழக்கப்போகிறவன் ஆத்திரத்தோடு வருகிறான். நல்ல பள்ளியொன்றைப் பெறப்போகிறவனுக்கு அது இன்னும் கையில் கிட்டாத பொருளாகையால், அதற்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட அவன் புறப்படுவதில்லை. அவன் இரவு வேலைக்குப் போகிறவனாகவோ, ஆங்கிலம் சரளமாக வராதவனாகவோ, வாடகை வீட்டில் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகிறவனாகவோ இருந்துவிட்டால், அவன் பெயர் பேச்சாளர் பட்டியலில் ஏறவே ஏறாது. ஆகையால் இழப்பின் குரல் மண்டபத்தை நிறைக்க, லாபத்தின் குரல் கேளாமலே போகிறது. அந்த ஓசையையே ஊராரின் ஏகோபித்த அபிப்பிராயமென்று சபையினர் நம்பிவிடுவதும் உண்டு, அடுத்த தேர்தலை நினைத்து நம்புவதுபோல் நடிப்பதும் உண்டு.

இரண்டாவது குற்றம், உண்மையான காரணம் ஒன்றாகவும் மேடையில் சொல்லும் காரணம் வேறாகவும் இருப்பது. பொருளாதார நிபுணர் சான்ட்ரா பிளாக் என்பவர், பாஸ்டன் நகரின் புறப்பகுதிகளில் சேர்க்கை எல்லையின் இருபுறமும் அருகருகே நின்ற வீடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதல் விலை கொடுக்கப் பெற்றோர் முன்வருகிறார்கள் என்று 1999-இல் நிறுவினார். அப்படியானால் எல்லைக்கோடு பிள்ளையின் பள்ளியை மட்டுமல்ல, குடும்பத்தின் சொத்தையும் தொடுகிறது. இதை ஒளிவு மறைவின்றிச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம். எனவே பஸ்ஸின் தூரமும், பிள்ளைகளின் நட்பும், வட்டாரத்தின் ஒற்றுமையும் பேச்சில் முன்வருகின்றன. தூரத்தைப் பற்றிய ஆட்சேபங்களில் மெய்யானவை உண்டென்று முன்னரே சொன்னேன். ஆனால், செல்வர் மிகுந்த ரிவர் ஹில் பள்ளிக்கும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த வைல்ட் லேக் பள்ளிக்கும் இடையே மாணவரை மாற்றும் யோசனைக்கு எழுந்த எதிர்ப்பின் வேகத்தை, மைல் கணக்கு ஒன்றைக்கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது.

இங்கே புதுக் குடியேறிகளின் நிலையைத் தனியே நோக்குவது நியாயம். ஹவர்ட் கவுண்டியில் இந்தியரும் சீனரும் கொரியரும் கணிசமாக வாழ்கிறார்கள். ஆட்சேபித்தவர்களில் அவர்களும் பலர். தங்கள் முன்னோர் அந்நாட்டில் எவரையும் அடிமை கொண்டதில்லை என்றும், முப்பது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்திட்டு வாங்கிய வீட்டோடு வந்த பள்ளியைப் பறிப்பது வாக்குத் தவறுவதாகும் என்றும் இத்தகையோர் கருதுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் அவ்வாதம் முழுமையானதன்று. எந்த விலாசமும் எந்தப் பள்ளிக்கும் சாசனம் எழுதித் தரப்பட்டதில்லை. யார் எங்கே குடியிருக்கிறார் என்பதும் தானாக விளைந்த நிலைமை அன்று. பக்கத்திலுள்ள பால்டிமோரில், கறுப்பர் எந்தத் தெருத்துண்டில் குடியிருக்கலாம், எதில் கூடாது என்று 1910-இலேயே நகரசபை சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டங்கள் செல்லாவென்று உச்ச நீதிமன்றம் 1917-இல் தீர்த்த பிறகு, கறுப்பருக்கு விற்பதில்லை என்று வீட்டுப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதினார்கள். அதை அமல்படுத்த நீதிமன்றங்கள் துணைபோகலாகாது என்ற தீர்ப்பு வர 1948 ஆயிற்று. இவ்விதம் பல தலைமுறைகளாக வகுக்கப்பட்ட குடியிருப்பின்மேல் பள்ளி எல்லையைப் போர்த்துவிட்டு, அண்டைவீட்டார் ஒரே பள்ளியில் படிப்பதுதான் இயல்பு என்று வாதிப்பது, காரணத்தை மறைத்துக் காரியத்தை மட்டும் காட்டுவதாகும்.

நீதிமன்றங்களின் வரலாறும் இந்தக் கோட்டையே சுற்றி வந்திருக்கிறது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாதென்று 1954-இல் தீர்ப்பான பின்பும், குடியிருப்பு பிரிந்திருந்தமையால் பள்ளிகள் பிரிந்தே நின்றன. சார்லட் நகரத்து வழக்கில் 1971-இல், எல்லைகளை மாற்றியும் பஸ் விட்டும் கலப்பை உண்டாக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்த்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1974-இல், டிட்ராய்ட் வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அப்பரிகாரம் ஒரு கல்வி மாவட்டத்தின் வரம்பைத் தாண்டி, குற்றம் நிரூபிக்கப்படாத புறநகர்களுக்குள் செல்லலாகாது என்று அதே நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. அதை எதிர்த்து எழுதிய நீதிபதிகளுள் ஒருவரான தர்குட் மார்ஷல் பால்டிமோரில் பிறந்தவர். 1954-ஆம் ஆண்டு வழக்கை வாதாடி வென்றவரும் அவரே. பின்னர் 2007-இல், மாணவரைத் தனித்தனியே இனம் பார்த்துப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய சியாட்டில், லூயிவில் நகரங்களின் திட்டங்கள் தள்ளப்பட்டபோது, தீர்ப்பின் முடிவோடு இணங்கிய நீதிபதி கென்னடி, வட்டாரங்களின் மக்கள்தொகை அமைப்பை மனத்திற்கொண்டு சேர்க்கை எல்லை வரைவது சட்டத்துக்கு உட்பட்டதே என்று தனியே எழுதி வைத்தார். பிற கதவுகள் பல மூடப்பட்ட நிலையில் திறந்திருக்கும் ஒரு கதவு இது. அதனால்தான் அதன் வாயிலில் இத்தனை நெரிசல்.

டிட்ராய்ட் தீர்ப்பிலிருந்து மூன்றாவது குற்றம் ஒன்று புலனாகிறது. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. பெற்றோர் கூடி விவாதிப்பது ஒரு கல்வி மாவட்டத்துக்குள் அமைந்த சிறு கோடுகளைப் பற்றியே. மாவட்டத்தையும் மாவட்டத்தையும் பிரிக்கும் பெருங்கோட்டைப் பற்றி யாரும் எவரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. மேரிலண்ட் மாநிலத்தில் கவுண்டிக்கு ஒன்றும் பால்டிமோர் நகருக்கு ஒன்றுமாக மொத்தம் 24 கல்வி மாவட்டங்களே இருப்பதால், செல்வரும் ஏழையரும் ஒரே வரைபடத்தில் இடம்பெறுகிறார்கள், சண்டையும் மூள்கிறது. நம்மவர் பலர் வாழும் நியூ ஜெர்சியில் மாவட்டங்கள் ஏறத்தாழ 600. அங்கே சிற்றூர் ஒவ்வொன்றும் தனக்கென வேலியிட்டுக்கொண்டிருப்பதால், சண்டையிடவேண்டிய இரு தரப்பினரும் ஒரே மண்டபத்தில் சந்திப்பதே இல்லை. சச்சரவில்லாத ஊரெல்லாம் நியாயம் நிலவும் ஊர் என்று கொள்வதற்கில்லை.

ஏழையர் பக்கம் நிற்பவர் எல்லாரும் மாற்றத்தை வரவேற்பர் என்று எண்ணுவதும் பிழை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், மாணவர் நிரம்பி வழிந்த 8-ஆம் எண் பள்ளியின் எல்லையைச் சுருக்கி, வசதி படைத்த டம்போ வட்டாரத்தை, அரசுக் குடியிருப்பை ஒட்டிய 307-ஆம் எண் பள்ளியோடு சேர்க்கும் திட்டம் 2016 ஜனவரியில் நிறைவேறியது. அதற்கு முன் நடந்த கூட்டங்களில், டம்போ பெற்றோர் ஆட்சேபித்தது எதிர்பார்த்ததே. 307-ஆம் எண் பள்ளியின் பெற்றோரும் அஞ்சினார்கள். தாங்கள் பாடுபட்டு வளர்த்த பள்ளிக்குள் பணமும் செல்வாக்கும் உடையவர் வந்து, நாளடைவில் தங்களையே அந்நியராக்கிவிடுவர் என்பது அவர்கள் கவலை. இத்தகைய கவலை எந்த அதிகாரியின் அட்டவணையிலும் அகப்படாது. மனிதர் நேரில் வந்து பேசியதால் மட்டுமே அது வெளிப்பட்டது.

ஆகவே இக்கூட்டங்களை ஒழித்துவிட்டு நிபுணரிடமே பொறுப்பை ஒப்படைக்கலாம் என்னும் யோசனையை நான் ஏற்கவில்லை. குறை, கேட்பதில் இல்லை; கேட்கும் வரிசையில் இருக்கிறது. சாலையையும் பஸ்ஸையும் பற்றிப் பெற்றோர் சொல்லும் சாட்சியம் பெரும்பாலும் நம்பத்தக்கது; எந்தப் பிள்ளைக்கு எது உரியது என்ற கேள்வியில், தன் பிள்ளையின் பெயர் படத்தில் எழுதப்பட்ட பிறகு, எந்தத் தாய் தந்தையரிடமும் நடுநிலையை எதிர்பார்ப்பதற்கில்லை, நானாயினும் அப்படித்தான். இன்றைய வழக்கமோ படத்தை முதலில் விரித்துவிட்டு, அதன் முன்னே இவ்விரண்டு கேள்விகளையும் கலந்து கேட்கிறது. கலப்புக்கும் தூரத்துக்கும் நிலைத்தன்மைக்கும் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை, யார் பாதிக்கப்படுவார் என்று ஒருவருக்கும் தெரியாத காலத்திலேயே எண்ணளவில் தீர்மானித்துவிட்டு, படம் வந்த பிறகு வழியையும் வண்டியையும் பற்றி மட்டும் கேட்பதே முறை. வர இயலாதவர் இருக்கும் இடத்துக்குச் சபையினர் தாமே போய்க் கேட்கவும் வேண்டும். எல்லை மாற்றத்தை இடிபோல் எப்போதாவது இறக்காமல், குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வதென்று விதித்துவிட்டால், வீடு வாங்குகிறவர் அதை அறிந்தே விலை பேசுவார்; உறுதிமொழி முறிந்தது என்ற குறைக்கும் அப்போது இடமிராது.

ஹவர்ட் கவுண்டியில் 2023-இல் கில்ஃபோர்ட் பார்க் என்னும் புது உயர்நிலைப்பள்ளி திறந்தபோது எல்லைகள் மறுபடியும் மாறின, வேறிடங்களிலும் மாறிக்கொண்டேயிருக்கும். அந்நாட்டில் வாழும் தமிழ்ப் பெற்றோரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் பாலிகனின் எண் செய்தியில் அடிபடும் நாளில் மண்டபத்துக்கு விரையும் நீங்கள், அதற்கு முன், எல்லை வகுக்கும் விதிகளைச் சபை திருத்தும் சலிப்பூட்டும் கூட்டம் நடக்கிறதே, பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஒருமுறை போய் உங்கள் கருத்தைப் பதிவு செய்யுங்கள்.