"கிடைத்தது" என்ற பதில்

அனுப்பிய செய்தி தொலைந்தால் சத்தமே கேட்பதில்லை. காட்டுப்பள்ளிக் கரையிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு அந்த மௌனம் உயிர்ப் பிரச்சினை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் எச்சரிக்கை, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றை எட்டவே இல்லை.

படகிலிருந்து உதவி கேட்டாலும் அதே மௌனம்தான் இருந்தது. இஸ்ரோவின் பழைய ஆபத்து உதவிக் கருவியில் பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியே படகின் இருப்பிடம் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். போய்ச் சேர்ந்ததா? அழுத்தியவருக்குத் தெரியாது. 2024-இல் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி, "கிடைத்தது" என்று படகுக்கே பதில் சொல்கிறது. புளூடூத்தில் கைப்பேசியோடு இணைத்துத் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

எனக்குப் பிடித்தது அந்தப் பதில்தான். "மச்சான், கேக்குதா?" என்று அலைமேல் கூவினால் அடுத்த படகில் ஒரு கை உயரும். அந்தக் கையைத்தான் விண்வெளி வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள்.