ரிலே போடும் ‘டிக்’

அமெரிக்க, கனடா வீடுகளில் இருக்கும் பழைய பாணி கேஸ் கணப்புகள் பலவற்றுக்கு வீட்டு மின்சாரமே வேண்டாம். உள்ளே ஓயாமல் எரியும் சின்ன பைலட் சுடர், தெர்மோபைல் என்ற உலோகக் குச்சியைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டிலிருந்து முக்கால் வோல்ட் போலக் கிடைக்கும். வால்வைத் திறக்க அதுவே போதும். சுவர் சுவிட்சின் வேலை இரண்டு கம்பிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும்தான்.

இந்தக் கணப்பைக் கைபேசியிலிருந்து இயக்க நினைப்பவருக்குக் கைகொடுப்பது ரிலே. தீப்பெட்டியைவிடச் சிறிய நீலப் பெட்டி. உள்ளே செம்புக் கம்பிச் சுருள், இரும்புத் தகடு, ஸ்பிரிங், தொடுமுனைகள். கைபேசியின் கட்டளைப்படி சுருளுக்கு 5 வோல்ட் கிடைத்ததும் அது காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. ‘டிக்’ என்று முனைகள் சேர்கின்றன. சுருளில் ஓடும் மின்சாரம் வேறு, முனைகளில் ஓடுவது வேறு. ஒன்று மற்றதைத் தொடுவதே இல்லை. இந்த ஒட்டாத உறவுதான் ரிலேயின் அழகு. 19ஆம் நூற்றாண்டுத் தந்திக் காலத்து உத்தி, இன்னும் பழசாகவில்லை.

பழைய சுவிட்சைக் கழற்றாமல், ரிலேயை அதற்கு இணையாகப் பொருத்துவதே புத்திசாலித்தனம். பனிக்காலத்தில் கரண்ட் போனால் ரிலே ஓய்ந்துவிடும். சுவிட்ச் வழக்கம்போல் வேலை செய்யும். பைலட் அணைந்தாலோ வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தக் கம்பிகளில் வீட்டின் 120 வோல்ட் ஏறவே கூடாது. தனித் தொடுமுனை உள்ள ரிலேதானா என்று பார்த்து வாங்குங்கள். ஆளில்லாத வீட்டில் தூரத்திலிருந்து தீ மூட்டாதீர்கள்.