செப்புத்தகட்டில் இரவு: ஒல்லாந்தர் அச்சோவியம் பற்றிய ஓர் ஆய்வு

இரவை வரைதல் எளிதன்று. வண்ணந் தீட்டுவோன் கருநிறத்தைக் குழைத்துப் பூசலாம். செப்புத்தகட்டிற் செதுக்குவோனுக்கு வாய்த்ததோ கோடு ஒன்றே. அக்கோட்டைக் கொண்டே பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் இரவுநிலக் காட்சியை ஆக்கினர். எல்ஸ்ஹைமரின் ஓவியத்தைத் தழுவி ஹென்ட்றிக் கௌட் 1613இற் செதுக்கிய 'எகிப்துக்குத் தப்பியோடல்' இதற்குச் சான்றாகும். நெருங்கிய கோடுகளால் வானம் இருள்கின்றது. வெண்டாளே நிலவாகவும், நீரில் அதன் நிழலாகவும், உடுக்களாகவும், இடையர் மூட்டிய தீயாகவும் எஞ்சி நிற்கின்றது.

1642இல் லுட்விக் வொன் சீகன் வேறொரு வழி கண்டார். நுண்பற்களையுடைய கருவியால் தகட்டின் மேற்பரப்பைக் கரடாக்கினால், அங்கு மை தங்கிக் கோடின்றியே நிழல் பிறக்கும். மெசோரின்ற் எனப்படும் இக்கலை பின்னர் மேலும் வளர்ந்தது. தகடு முழுவதையும் முதலிற் கரடாக்கி, ஒளி வேண்டுமிடத்தைச் சுரண்டி மெருகிடும் முறை நிலைபெற்றது. கோட்டுச் செதுக்கல் ஒளியிலிருந்து இருளுக்குச் செல்கின்றது. இதுவோ இருளிலிருந்து ஒளிக்கு வருகின்றது.

ஆதலின் மெசோரின்ற் இரவுநிலக் காட்சிக்கெனவே பிறந்தது போலத் தோன்றும். வரலாறோ அவ்வாறு செல்லவில்லை. சீகனின் முதற்படைப்பு ஹெஸ்ஸ-காசல் நாட்டு ஆட்சியாளர் அமேலியா எலிசபெத்தின் உருவப்படமே. அம்ஸ்ரடாமில் இக்கலையைத் தொழிலாகப் பயின்ற வலரான் வையாநும் பெரும்பாலும் உருவப்படங்களையும் பிறர் ஓவியங்களின் படிகளையுமே ஆக்கினார். நிலக்காட்சி அருகியே இடம்பெற்றது.

காரணங்கள் இரண்டு கூறலாம். மெசோரின்ற் தகட்டின் நுண்கரடு அச்சேறுந்தோறும் விரைவில் தேயும். ஆழ்ந்த கருமை தரும் நற்படிகள் சிலவே கிடைக்கும். கன்னத்தின் மென்மைக்கும் பட்டின் மினுக்கத்திற்கும் ஏற்ற அதன் குழைவு, இலையையும் கிளையையும் பிரித்துக்காட்டக் கூரிய விளிம்பு தருவதன்று.

மெசோரின்ற் தோன்றி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1651இல், றெம்பிராண்ட் எகிப்துப் பயணத்தை இரவுக் காட்சியாக அமைத்தபோதும் பின்னிய கோடுகளையே நாடினார். விளக்கொன்று உருவங்களை அரைகுறையாகக் காட்ட, ஏனைய யாவும் இருளில் அமிழ்கின்றன. உற்றுநோக்குவார்க்கு அவ்விருளினுள்ளும் கோடுகளின் அசைவு புலனாகும்.

கருமை வேறு, இரவு வேறு. கருமையைக் கருவி தரும். இரவைக் கலைஞனின் கண்ணே தரும். புதிய கருவி தோன்றியவுடன் புதிய கலை பிறந்துவிட்டதெனக் கருதுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் நன்று.