கூத்துக் குரலுக்கு எந்த அளவுகோல்?

ஆரணி, செய்யாறு பக்கம் கோடை வந்தால் பாரதக் கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில் திடலில் இரவு கட்டியங்காரன் வந்து நின்றது முதல் விடியும்வரை, ஆர்மோனியத்துக்கும் முகவீணைக்கும் மேலே குரலை ஏற்றிப் பாட வேண்டும். புரிசைத் தம்பிரான் பரம்பரையை வெளியுலகம் அறியும். அந்தப் புகழ் எட்டாத ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், எத்தனையோ. சீசன் முடியும்போது அங்கெல்லாம் கேட்கிற பேச்சு ஒன்றுதான்: “தொண்டை கட்டிடுச்சு.”

அப்படித் தொண்டை கட்டியவர் வேலூரிலோ சென்னையிலோ பெரிய மருத்துவமனைக்குப் போனால், குரல்நாண்களைக் குழாய்விட்டுப் பார்ப்பதோடு கணினியில் குரலையும் அளப்பார்கள். அந்த அளவீட்டின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது தருகிற எண்ணை வாசிக்கும் விதம் கூத்துக்காரருக்கு நியாயம் செய்யவில்லை.

மைக் முன்னால் ‘ஆ’ என்று ஒரே சுதியில் சில நொடி பிடிக்கச் சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளில் அந்த ஒலி அலையாக விரியும். குரல்நாண்களின் ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு நீலக் கோடு விழும். நொடிக்கு 125 முறை அதிரும் ஆண் குரலில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 8 மில்லிநொடி. அந்த இடைவெளி அதிர்வுக்கு அதிர்வு மாறுகிற அளவு ‘ஜிட்டர்’; அலையின் உயரம் மாறுகிற அளவு ‘ஷிம்மர்’. ஒரு சதவீத ஜிட்டர் என்பது 0.08 மில்லிநொடித் தடுமாற்றம். காது ‘கரகரப்பு’ என்று சொல்லி நிறுத்திவிடும் இடத்தில் இவ்வளவு நுணுக்கம் கிடைப்பது பெரிய காரியம். இரண்டு மருத்துவர்களின் காதுகள் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மூன்று மாதம் முன்பு கேட்ட குரல் யாருக்கும் அப்படியே நினைவிருக்காது. பதிவு இருந்தால் முன்னும் பின்னும் ஒப்பிடலாம்.

குறையும் இங்கேதான் இருக்கிறது. நோய் முற்றிய குரலில்தான் கருவி தடுமாறும். குரல் உடைந்து காற்றோடு கலந்துவிட்டால் ஓர் அதிர்வு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மென்பொருளுக்குப் பிடிபடாது. நீலக் கோடுகள் தாவித் தாவி விழும். அப்போதும் ஓர் எண் வந்துவிடும். குரல் ஆய்வாளர் இங்கோ டிட்ஸே 1995இலேயே குரல் அலைகளை மூன்று வகையாகப் பிரித்து, சீரான முதல் வகைக்குத்தான் இந்த அளவுகள் பொருந்தும் என்றார். எந்த வகை என்று எழுதாமல் ஜிட்டரை மட்டும் அச்சிட்டுத் தரும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

எல்லைக்கோடும் உறுதியானதல்ல. நோய்க்கு எல்லையாக எம்.டி.வி.பி. என்ற இன்னொரு குரல் ஆய்வு மென்பொருள் வைத்திருப்பது 1.04 சதவீத ஜிட்டர். அது இரைச்சல் கலந்த அளவீட்டிலிருந்து வந்தது, சரியான எல்லை அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று பிராட்டின் கையேடே சொல்கிறது. அதைவிட முக்கியமானது, உரக்கச் சொன்னால் ஜிட்டர் குறையும், மெல்லச் சொன்னால் கூடும். உரக்கப் பிடித்தே பழகிய ஆட்டக்காரரின் புண்பட்ட குரல்கூட ‘இயல்பு’ என்று தேறிவிடலாம். பெண் வேடம் கட்டும் ஆணின் குரலுக்கோ ஆண், பெண் என்று பிரித்த இரண்டு இயல்பளவுப் பட்டியலிலும் இடமில்லை.

ஆரணியிலேயே பதிவு செய்யலாமே என்று தோன்றும். குரல் சுற்றுச் சத்தத்தைவிடக் குறைந்தது 30 டெசிபல் மேலே இருக்க வேண்டும்; 42 இருந்தால் நல்லது. நாடா அடிபடும் ஓசை சுவர் தாண்டி வரும் தறித் தெருவில் அது நடக்காது. அந்தச் சத்தமும் சேர்ந்து, நல்ல குரலையும் கெட்டுப்போனதாகக் காட்டும்.

1994இல் ஆய்வாளர் ஹில்லன்பிராண்ட் குழுவினர் முன்வைத்த, குரலின் சீர்மையை ஒட்டுமொத்தமாகக் காட்டும் செப்ஸ்ட்ரல் உச்ச அளவு இவற்றில் சில சிக்கல்களைத் தாண்டுகிறது. அதற்கு அதிர்வுகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஓடுகிற பேச்சிலும் எடுக்கலாம். அமெரிக்கப் பேச்சு-கேட்டல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையிலும் அது இடம்பெற்றது. குரலைச் சோதிப்பதற்கென்றே தமிழ் வாக்கியங்களும் சென்னையில் உருவாகியிருக்கின்றன. ‘ஆ’ மட்டும் பிடித்த காலத்தை நினைத்தால் இது நல்ல முன்னேற்றம்.

ஆனாலும் உட்கார்ந்து பேசும் குரல், நள்ளிரவில் விருத்தம் எடுக்கும் குரல் ஆகாது. ஆட்டக்காரரை அவருடைய சொந்தச் சுதியில் ஒரு விருத்தம் பாடவைத்துப் பதிய வேண்டும்: சீசனுக்கு முன் ஒன்று, துரியோதனன் வீழும் படுகளம் முடிந்த மறுநாள் ஒன்று, இரண்டு வாரம் ஓய்வுக்குப்பின் ஒன்று. மைக் ஒன்றே, தூரம் ஒன்றே. ஊரார் பட்டியலை விட்டுவிட்டு அவர் குரலை அவர் குரலோடு மட்டும் ஒப்பிட வேண்டும். மூன்றாவது பதிவு முதல் பதிவுக்குத் திரும்பவில்லை என்றால் உடனே குரல்நாண்களைப் பார்க்க அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு மடிக்கணினி, ஹெட்செட் மைக், தறிச் சத்தம் எட்டாத ஓர் அறை போதும்.