பலவீனத்தின் இலக்கணம்: போக்கிமோன் விளையாட்டைப் பிரதியாக வாசித்தல்

சினிமாப் பாடலையும் கூத்தையும் நாட்டார் கதையையும் பிரதியாகக் கொண்டு பேசப் பழகிவிட்ட நாம், வீடியோ விளையாட்டு என்றதும் மட்டும் "சின்னப் பிள்ளைகளின் வேலை" என்று கையைக் கழுவிக் கொள்கிறோம். இது விமர்சனச் சோம்பல் அன்றி வேறில்லை. கனமூலையில் என் தங்கையின் மகன் வாசிக்கும் கதைப் புத்தகங்களின் எண்ணிக்கை எனக்குத் தெரியும். கைத்தொலைபேசித் திரைக்குள் அவன் கழிக்கும் நேரமும் தெரியும். எதனூடாக அவன் உலகத்தை வகைப்படுத்தக் கற்றுக் கொள்கிறான் என்பதை அறிய விரும்பினால், அந்தத் திரைக்குள்தான் நாமும் போக வேண்டியிருக்கிறது.

1996 பெப்ரவரி 27இல் ஜப்பானில் நின்டெண்டோவின் கேம் போய் கருவிக்காக வெளியான 'சிவப்பு', 'பச்சை' ஆகிய இரண்டு பதிப்புகளோடு போக்கிமோன் தொடங்கியது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். முதலில் 151ஆக இருந்த பிராணிகளின் தொகை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிடிப்பது, வளர்ப்பது, இன்னொருவரின் பிராணியோடு மோத விடுவது என்பதே கதை. கதை என்று சொல்ல அதில் அதிகமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2001 மார்ச்சில் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி இதற்கு எதிராக பத்வா வழங்கியபோது இலங்கையிலும் அது பேசப்பட்டது. சூது, குறியீடுகள், பரிணாமக் கொள்கை என்பனவே அன்றைய சர்ச்சையின் தலைப்புகள். அந்த விவாதத்துக்குள் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் விளையாட்டின் உண்மையான பிரதியைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். அந்தப் பிரதி ஓர் அட்டவணை.

மருமகனின் சீஆர் கொப்பியில் அதைப் பார்த்தேன். ரூலரால் கோடு போட்டு, பதினெட்டு வரிசை, பதினெட்டு நிரல். நெருப்பு, நீர், புல், மின், பனி, மண், பாறை, காற்றில் பறப்பவை, நஞ்சு, பூச்சி, ஆவி, உருக்கு என்று வகைகள். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வகை, அல்லது இரண்டு. தாக்குதலுக்கும் ஒரு வகை உண்டு. நீர்த் தாக்குதல் நெருப்புப் பிராணியின் மேல் விழுந்தால் சேதம் இரு மடங்கு. நெருப்புத் தாக்குதல் நீர்ப் பிராணியின் மேல் பட்டால் பாதி. சிலவற்றுக்கு முழுப் பூச்சியம்: மின்சாரம் மண்ணை ஒன்றும் செய்யாது. 324 சோடிகளில் 51 மட்டுமே இரு மடங்கானவை, எட்டு மட்டுமே பூச்சியமானவை. அந்த 51ஐயும் மனப்பாடமாக வைத்திருப்பவனே விளையாட்டுக்காரன். பாடசாலையில் வாய்ப்பாடு சொல்லத் தடுமாறும் பையன் இதைத் தூக்கத்திலும் சொல்வான்.

இந்த அட்டவணையின் அழகு, அதில் பாதி உவமையாக இருப்பது. கியராடோஸ் என்றொரு பிராணி. மஜிகார்ப் என்ற, துள்ளுவதைத் தவிர எதற்கும் உதவாத மீனொன்று இருபதாம் படியில் பெரும் கடற்பாம்பாக மாறுகிறது. கரையோரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த மாற்றம் இருக்க முடியாது. அது நீர் வகை, பறக்கும் வகை இரண்டுமாக இருப்பதால் மின் தாக்குதல் அதன்மேல் நான்கு மடங்காக விழுகிறது. நனைந்தபடி உயரத்தில் நிற்பவனைத்தான் மின்னல் தேடும் என்பதைத் தென்னந்தோட்டத்தில் வேலை செய்த எவரும் அறிவார். மின்சாரம் மண்ணிடம் தோற்பதும் அப்படியே. வீட்டு வயரிங் செய்பவர் எர்த் கம்பியைப் புதைப்பது வேறெதற்கு? 2013இல் சேர்க்கப்பட்ட தேவதை வகைக்கு உருக்கு ஆகாது. இது ஐரோப்பியக் கிராமங்களின் நம்பிக்கை என்று சொல்லப்பட்டாலும், மஃரிபுக்குப் பின் இறைச்சிக் கறி கொண்டு போகும்போது சட்டிக்குள் ஓர் இரும்புத் துண்டைப் போட்டுவிடும் எங்கள் கிழவிகளுக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

மற்றப் பாதி அப்படியல்ல. பூச்சி ஏன் மனோசக்தியை வெல்ல வேண்டும்? நஞ்சு ஏன் மனோசக்தியிடம் தோற்க வேண்டும்? ரசிகர்கள் கற்பித்துச் சொல்லும் காரணங்கள் உண்டு. எனக்கு அவை ஒப்பவில்லை. இங்கே உவமை முடிந்து வெறும் சட்டம் தொடங்குகிறது. காரணம் தெரிந்த விதியையும் தெரியாத விதியையும் பிள்ளை ஒரே உறுதியோடு ஒப்புவிக்கிறது என்பதைக் குறித்துக் கொள்வோம்.

ஒன்றை ஒன்று வெல்லும் மூலகங்கள் ஜப்பானியரின் கண்டுபிடிப்பல்ல. சீனரின் ஐந்து மூலகக் கொள்கையில் நீர் நெருப்பை அடக்கும், நெருப்பு உலோகத்தை, உலோகம் மரத்தை, மரம் மண்ணை, மண் நீரை. எமக்கு நெருக்கமான யூனானி வைத்தியத்தில் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்ற நான்கு குணங்கள். சூட்டு வருத்தத்துக்குக் குளிர்ச்சியான மருந்து என்பது அங்கே பாலபாடம். தமிழ்க் காவிய மரபிலோ அத்திரங்கள் உள்ளன. அக்கினி அத்திரத்துக்கு வருண அத்திரம் பதில். இந்திரசித்தின் நாகபாசம் கருடன் வந்ததும் அறுந்து போவதைக் கம்பனில் படித்திருக்கிறோம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் படைப்போர் நூல்களும் இந்த மரபின் போர்க்களத்தைக் கடன் வாங்கியே எழுந்தன.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். அத்திரம் வீரனின் கையில் இருப்பது. ஒன்றை எய்தவன் அடுத்த கணம் இன்னொன்றை எய்யலாம். நாகபாசம் விட்டதால் இந்திரசித்து நாகமாகிவிடுவதில்லை. யூனானியிலும் குணம் ஒரு கலவை, வயதோடும் காலநிலையோடும் மாறுவது, மருந்தால் சமன் செய்யக் கூடியது. போக்கிமோனில் வகை உடம்பிலேயே இருக்கிறது. பிறக்கும்போதே எதனால் அடித்தால் எத்தனை மடங்கு வலிக்கும் என்பது எழுதப்பட்டுவிடுகிறது. எதிரியைக் கண்டதும் விளையாட்டுக்காரன் கேட்கும் முதற் கேள்வி "இது யார்?" என்பதல்ல, "இது என்ன வகை?" என்பதே. விடை கிடைத்த மறுகணமே அதைக் காயப்படுத்தும் வழியும் கிடைத்துவிடுகிறது. அறிவு என்பது இங்கே மற்றதன் பலவீனத்தைப் பற்றிய அறிவு மட்டும்தான்.

1999இல் வந்த 'தங்கம்', 'வெள்ளி' பதிப்புகளில் புதிய வகையொன்று சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'இருள்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'அகு'. பொருள்: தீமை, கெட்டது. நஞ்சு போல, புல் போல, கெட்டதும் ஒரு பிறப்பு வகை! அதை வெல்வது சண்டைவீர வகை. தீயதை அடிக்கும் கைக்கு இரட்டிப்புப் பலன். மொழிபெயர்ப்பில் மறைந்துபோன இந்தச் சொல்லை அறிந்தபோது எனக்குச் சற்று நேரம் விளையாட்டில் மனம் செல்லவில்லை. 2019 மே மாதத்தில் எமது மாவட்டத்துக்குள்ளேயே, கொட்டாரமுல்லையில், முஸ்லிம் தச்சுத் தொழிலாளி ஒருவர் அவரது இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். வந்தவர்களுக்கு அவர் யார் என்று அறியும் தேவை இருக்கவில்லை. வகை தெரிந்திருந்தது, அதுவே போதுமாக இருந்தது. விளையாட்டு அதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது முட்டாள்தனம். மனிதர் ஏற்கனவே செய்து கொண்டிருக்கும் ஒரு வாசிப்பை விளையாட்டு எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு இன்பமாக வரைந்து காட்டுகிறது என்றே சொல்கிறேன்.

இவ்வளவோடு நிறுத்தினால் பிரதிக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். ஏனெனில் இந்த அட்டவணையோடு மல்லுக்கட்டியவர்களில் அதை எழுதியவர்களும் இருக்கிறார்கள். முதற் பதிப்பில் மனோசக்தி வகை ஏறக்குறைய வெல்ல முடியாததாக இருந்தது. ஆவியின் தாக்குதல் அதை வீழ்த்தும் என்று விளையாட்டுக்குள் ஒருவர் சொல்கிறார். கணக்கிலோ பூச்சியம் விழுகிறது. நிரல் எழுதியவர்களின் பிழை அது. தீமை வகையும் உருக்கு வகையும் வந்ததற்கு அந்த ஏகபோகத்தை உடைக்கும் தேவையும் ஒரு காரணம். அதாவது, இயற்கை விதி போல் தோற்றமளிக்கும் அட்டவணை அடிக்கடி திருத்தப்படும் ஓர் அரசியலமைப்பு. 2013இல் தேவதை வகை வந்ததும், அதுவரை அரசனாக இருந்த டிராகனின் தாக்குதல் அதன்முன் பூச்சியமாயிற்று.

2002இல் பிராணிகளுக்குத் தனித்தனி இயல்புகள் வழங்கப்பட்டன. மிதக்கும் இயல்புள்ளதை மண் தாக்குதல் தொடாது, அதன் வகை என்ன சொன்னாலும். 2022இன் 'ஸ்கார்லெட்', 'வயலட்' பதிப்புகளில் போரின் நடுவே தன் வகையையே மாற்றிக் கொள்ளலாம். 2002இல் வந்த ஷெடிஞ்சாதான் எனக்கு மிகவும் பிடித்தது. சில்வண்டு கழற்றிவிட்டுப் போன வெற்றுக் கூடு. உயிர்ப் புள்ளி ஒன்றே ஒன்று. பலவீனமான வகையால் அடித்தாலன்றி நேரடித் தாக்குதல் எதுவும் அதைத் தொட முடியாது. அட்டவணையின் முழுத் தர்க்கத்தையும் ஒரு கோதுக்குள் அடைத்து வைத்தது போன்ற கற்பனை அது. இதை எழுதியவரைக் கவிஞர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆறு பிராணிகளையும் ஒரே வகையில் வைத்திருப்பவன் ஒரே அடியில் போய்விடுவான் என்பதும் இந்த அட்டவணையின் பாடம். முந்தல் களப்போரத்தில் இறால் பண்ணை வைத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டிக்குத் தொட்டி ஒரே இறால். தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு தொட்டியைக் கொன்றது மற்றத் தொட்டியையும் கொன்றது. கைவிடப்பட்ட தொட்டிகளை இன்றும் காணலாம். மருமகனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, அவங்க எல்லாத்தையும் நீர் வகையாவே வச்சிட்டாங்க" என்றான்.

கார்ட்டூன் தொடர் அட்டவணைக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் பாகத்தில் பிக்காச்சு, ப்ரொக்கின் பாறைப் பாம்பான ஓனிக்ஸோடு மோதுகிறது. ஓனிக்ஸ் மண் வகையும் கூட, ஆகவே மின்சாரம் எடுபடாது. அந்நேரம் கட்டிடத்தின் தீயணைப்புக் குழாய்கள் திறந்து தண்ணீர் கொட்ட, நனைந்த ஓனிக்ஸின் மேல் மின்சாரம் பாய்கிறது. கதை விதியை வளைத்துவிட்டது. 1998இல் அதே கார்ட்டூனைத் தழுவி வந்த 'மஞ்சள்' பதிப்பில், கையில் பிக்காச்சுவோடு ப்ரொக்கின் முன் நிற்கும் சிறுவனுக்கு எந்தக் குழாயும் திறப்பதில்லை. அவன் திரும்பிப் போய்ப் புல்வெளியில் அலைந்து, பாறையை உடைக்கும் சண்டைவீர வகைக் குரங்கொன்றைப் பிடித்து வர வேண்டும். கார்ட்டூனில் பிக்காச்சுவின் மேல் வைத்த அன்பு ஜெயிக்கிறது. விளையாட்டில் பிக்காச்சு பையில் வைக்கப்பட்டு வேறொன்று முன்னே அனுப்பப்படுகிறது. இரண்டில் எது நேர்மையானது என்று என்னைக் கேட்டால், விளையாட்டு என்பேன். எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் விடை வேறு.

தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் போனால் அட்டவணை இன்னொரு பயனைப் பெறுகிறது. தன் நெருப்புப் பிராணியை நோக்கி நீர் வரும் என்று எதிரிக்குத் தெரியும். எதிரிக்குத் தெரியும் என்பது இவனுக்குத் தெரியும். ஆகவே எதிரி நெருப்பைப் பின்வாங்கிப் புல்லை முன்னே விடுவான் என்று ஊகித்து, இவன் நீரை விடாமல் பனியை விடுகிறான். அடிக்கப்படுவது இன்னும் களத்துக்கு வராத ஒன்று. இந்த இடத்தில் வகையைப் படிப்பது போதாது, எதிரே இருப்பவனைப் படிக்க வேண்டும். அட்டவணை இருவருக்கும் பொதுவான மொழியாக மட்டும் நிற்கிறது. இந்த உயரத்துக்கு விளையாடுபவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் 51ஐ மனப்பாடம் செய்து இரு மடங்காக அடித்துக் கொண்டிருக்கிறார்கள்.

அந்த கொப்பியில் ஒரு வரிசையைப் பற்றி இங்கே குறிப்பிடலாம். 'சாதாரணம்' என்றும் ஒரு வகை உண்டு. எலி, பூனை, புறா போன்றவை அதில் அடங்கும். அதன் தாக்குதல் பதினெட்டு வகைகளில் ஒன்றின் மேலும் இரு மடங்காக விழுவதில்லை. மருமகன் மற்ற வரிசைகளில் இரு மடங்குக்குச் சிவப்புப் பேனையால் புள்ளி வைத்திருந்தான். சாதாரணத்தின் வரிசையில் சிவப்பே இல்லை.