ஓவியர் மணியமும் பொன்னியின் செல்வனும்

நூலைப் படிப்பவர்கள் ஆசிரியரை நினைக்கிறார்கள். அதற்குப் படம் வரைந்தவரை நினைப்பவர் மிகச் சிலரே. படம் கதைக்கு ஓர் அணி. இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறைவில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இது பிழையான எண்ணம் என்பதற்கு ஓவியர் மணியம் அவர்களின் பணியே தக்க சான்றாகும்.

மணியத்தின் இயற்பெயர் டி. யு. சுப்பிரமணியம். 1924இல் பிறந்தவர். சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவராக விளங்கிய காலத்தில் பயின்று, இளவயதிலேயே ‘கல்கி’ இதழில் சேர்ந்தார். 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ அவ்விதழில் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறு. 1954 வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், வாரந்தோறும் அக்கதைக்கு வரைந்தார். 1968இல், 44ஆம் வயதில் மறைந்தார்.

வார இதழ் ஓவியனின் நிலை எளிதன்று. ஆசிரியர் கல்கி அத்தியாயத்தை எழுதி முடித்த பின்னரே படத்துக்கு வேலை தொடங்கும், அச்சுக்கூடமோ காத்திராது. அன்றைய அச்சுமுறையும் கையைக் கட்டிப்போட்டது. கோட்டுச் சித்திரத்தைப் புகைப்படமாக்கித் துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்துப் ‘பிளாக்’ செய்வார்கள். அதில் கறுப்பு உண்டு, வெண்மை உண்டு. இடைப்பட்ட சாம்பல் நிறம் இல்லை. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கியே காட்டவேண்டும். அளவுக்கு மீறி நெருக்கினாலோ மலிவான தாளில் மை பரவி, எல்லாம் ஒரே கறையாகிவிடும். எந்தக் கோட்டை விடுவது என்று அறிந்தவனே அங்கு ஓவியன். மணியத்தின் கோடு தயங்காத கோடு. குதிரையின் கழுத்து வளைவையும் ஆடையின் மடிப்பையும் சில இழுப்புகளில் முடித்துவிடுவார்.

ஆனால் கைத்திறன் மட்டும் போதாது. பத்தாம் நூற்றாண்டு மாந்தர் எவ்வாறு உடுத்தனர், எவ்வகை அணி பூண்டனர், எத்தகைய மாளிகையில் வாழ்ந்தனர் என்பதற்கு விடை வேண்டும். அவ்விடையைத் தேடிக் கல்கியுடன் மணியமும் பயணம் செய்தார். அசந்தா, எல்லோராக் குகைகளையும் இலங்கையின் பழம்பதிகளையும் நேரில் கண்டு வரைந்தார். கற்சிலையும் சுவரோவியமும் அவர் தாளில் கதைமாந்தராக எழுந்தன. குந்தவையையும் நந்தினியையும் பெயர் படிக்காமலேயே கொண்டையைக் கண்டு இன்னார் என்று சொல்லிவிடலாம். ஆசிரியர் சொல்லால் வேறுபடுத்தியதை ஓவியர் கோட்டால் நிலைநிறுத்தினார்.

குறையும் சொல்ல வேண்டும். அவர் வரைந்த பெண்டிரின் முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கொண்டையை மறைத்துவிட்டால் ஐயம் எழும். அசந்தாவின் சாயல் அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட சோழநாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் கேட்கத்தக்க வினாவே. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர்கால ஓவியங்கள் 1931இலேயே வெளிப்பட்டுவிட்டன. அவற்றையே முதற்சான்றாகக் கொண்டிருந்தால் வரலாற்று உண்மை மிகுந்திருக்கும். ஆயினும் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இக்கதை திரைப்படமாக வந்தபோது, பலர் அதன் மாந்தரை மணியத்தின் மாந்தரோடு ஒப்பிட்டே வழக்காடினர். ஓர் ஓவியனுக்கு இதனினும் பெரிய வெற்றி எது?

கடல் கடந்து வாழும் நமக்கு இப்படங்களின் மதிப்பு இன்னும் ஒருபடி மேல். சிகாமட்டைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் வீராணத்து ஏரியைக் கண்டதில்லை. ஆடிப்பெருக்கில் காவிரியைக் கண்டதில்லை. கப்பலில் வந்த இதழ், லயத்து வீடுகளில் கைமாறிக் கைமாறி நைந்துபோகும். எழுத்தறியாத பாட்டிக்கும் பேரன் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். தமிழகத்து வாசகருக்குப் படம் கதையின் துணை. நமக்கோ அதுவே சோழநாடு.

என் தந்தையார் இதழ்ப் பக்கங்களைச் சேர்த்துப் ‘பைண்டு’ செய்து வைத்திருந்தார். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிகாமட்டை மூழ்கடித்த வெள்ளத்தில் அத்தொகுப்பு சேறாயிற்று. கதையின் முதற்பாகத்துக்குப் ‘புது வெள்ளம்’ என்று பெயர். அப்பெயர் எனக்கு இன்று வேறு பொருள் தருகிறது. பின்னர் புதிதாக ஒரு பதிப்பு வாங்கினேன். ஐந்து பாகமும் இருந்தன, எழுத்தொன்றும் குறையவில்லை. மணியத்தின் படம் ஒன்றுகூட இல்லை. அவர் பெயரும் இல்லை.

கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டது, யாரும் அச்சிடலாம். ஓவியம் அதில் அடங்காது. ஆகவே மலிவுப் பதிப்புகள் பல படத்தை நீக்கியே வருகின்றன. மணியம் படங்களுடன் கூடிய பதிப்புகளும் வந்துள்ளன. ஆனால் அவற்றின் விலை எல்லார் கைக்கும் எட்டுவதன்று. தனியாள் வாங்க இயலாததை நூலகம் வாங்கலாம். நம் தமிழ்ப்பள்ளி நூலகங்களும் வாசகர் மன்றங்களும் படத்தோடு கூடிய பதிப்பொன்றைத் தேடிப் பெற்று வைப்பார்களாக. தந்தையார் சேர்த்த பக்கங்கள் திரும்பப்போவதில்லை. அடுத்த தலைமுறைப் பிள்ளையேனும் சோழநாட்டை மணியத்தின் கோட்டில் காணட்டும்.