நகையை விற்ற கதை

கம்பத்தில் ஒரு டீக்கடை. கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள். முருகன், கடைக்காரரின் அப்பா, அப்புறம் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். மூவருக்கும் ஒரே அளவு மல்லிகைச் சரம், ஒரே ஊதுபத்தி. அந்த வெள்ளைக்காரர் யார் என்று தேனி மாவட்டத்துக்காரர்களிடம் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை, அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கர்னல் ஜான் பென்னிகுவிக்.

“பொண்டாட்டி நகையை வித்து அணை கட்டுன மனுசன் தம்பி. அவரு இல்லேன்னா நாங்க இன்னிக்கும் சோளக்கஞ்சிதான்” என்றார் கடைக்காரர்.

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மேலே பணம் தர அரசாங்கம் கையை விரித்துவிட, இவர் லண்டனுக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுக் கொண்டுவந்து கட்டி முடித்தார் என்பது கதை. மேடையில் சொல்கிறார்கள், பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் கண்ணீரோடு வருகிறது.

நான் பி.காம். படித்தவன். பணம் என்றால் எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அணை சென்னை மாகாண அரசாங்கத்தின் திட்டம். பைசா பைசாவாகக் கணக்கு எழுதிய அரசாங்கம் அது. அங்கே வேலை பார்த்த எஞ்சினீயர் மெக்கன்சி, இந்தத் திட்டத்தின் வரலாற்றை 1899-லேயே தனிப் புத்தகமாக எழுதிவிட்டார். அணை முடிந்த மறு ஆண்டு பென்னிகுவிக் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் எஞ்சினீயரிங் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். சொத்தை எல்லாம் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றவரின் கதை மாதிரியா இருக்கிறது இது? நகை விற்றதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை.

சரி, பொய்யாகவே இருக்கட்டும், நல்ல மனுசனைப் பற்றிய நல்ல பொய்தானே, உனக்கென்ன வலிக்கிறது என்று கேட்பீர்கள்.

வலிக்கிறது சார். முதலில், அந்த மனிதர் செய்த நிஜமான வேலையை இது மறைக்கிறது. 1887-ல் வேலை ஆரம்பம், 1895-ல் முடிவு. நடுவில் மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும், வெள்ளம் வந்தால் கட்டியது போகும், மறுபடி முதலிலிருந்து. சுண்ணாம்பையும் சுர்க்கியையும் வைத்து அந்தக் காட்டுக்குள் 176 அடி உயரத்துக்கு ஒரு சுவரை எழுப்பினார்கள். அந்தப் பிடிவாதம் நமக்குப் போதவில்லை. ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான் என்பதில் நமக்குக் கண்ணீர் வருவதில்லை. தாலியை விற்றால்தான் வருகிறது.

இரண்டாவது, பணம் யாருடையது என்பது. அரசாங்கப் பணம் என்றால் இங்கே குடியானவன் கட்டிய கிஸ்திப் பணம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் கட்டியது. நகைக் கதை அவர்களைக் கணக்கிலிருந்தே அடித்துவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரியது. அணை வேலையில் மலேரியாவிலும் காலராவிலும் விபத்திலும் செத்தவர்கள் நானூறு பேருக்கு மேல். டீக்கடைக்காரரே பேச்சுவாக்கில் சொன்னார்: “எங்க பூட்டன்கூட அங்க கல்லு சொமக்கப் போனவருதான்.” பூட்டன் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே திரும்பி சம்சாரத்திடம் கேட்டார். அப்புறம் வடை வேண்டுமா என்று கேட்டார். வெள்ளைக்காரத் துரையம்மாவின் நகை ஞாபகம் இருக்கிறது, சொந்தப் பூட்டன் பெயர் இல்லை. அவர் மேல் தப்பில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தத் துரைமார்களின் அரசாங்கம் இதே வட்டாரத்துக்கு இன்னொன்றும் கொடுத்தது: கைரேகைச் சட்டம். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, ராத்திரியானால் கள்ளர் சமூகத்து ஆண்களைப் போலீஸ் கண்காணிப்பில் படுக்கவைத்த சட்டம். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்துப் பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். பென்னிகுவிக் 1911-லேயே இறந்துவிட்டார், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தண்ணீர் கொடுத்த கையும் ரேகை எடுத்த கையும் ஒரே சர்க்கார் கை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க நம்மால் முடிகிறதா? படத்துக்கு மாலை போட்டுவிட்டால் முடியாது.

இந்த விஷயத்தில் நம் எழுத்தாளர்கள் பரவாயில்லை. முல்லைப் பெரியாறு கட்டிய கதையை அ.வெண்ணிலா ‘நீரதிகாரம்’ என்று பெரிய நாவலாகவே எழுதினார். ஆனால் நான் திரும்பத் திரும்ப எடுப்பது வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. விகடனில் தொடராக வந்து, 2003-ல் சாகித்ய அகாடமி வாங்கியது. ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை கட்டியபோது முழுகிப்போன ஊர்களின் கதை. எழுதியவரின் குடும்பமே அப்படி மெட்டூரிலிருந்து பெயர்ந்து வடுகபட்டிக்குப் போனது.

குறை இல்லாமல் இல்லை. பேயத்தேவர் மேல் ஆசிரியருக்குப் பாசம் ஜாஸ்தி. துக்கத்துக்கு மேல் துக்கமாக அடுக்கி அவரையும் கிட்டத்தட்ட ஒரு சாமியாக்கிவிடுகிறார். சில இடங்களில் கவிஞர் நாவலாசிரியரைப் பேசவிடுவதில்லை. ஆனாலும் அந்த நாவல் ஒரு கேள்வியை நேராக வைக்கிறது: அணை தேவைதான், தண்ணீர் தேவைதான், அப்படியானால் முழுகியவனுக்கு யார் பதில் சொல்வது? அந்த வெள்ளத்துக்கு வில்லன் யார் என்று தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. 1959-ல் அணையைத் திறந்தவர் காமராஜர். அவரை வில்லனாக்க யாருக்கு மனசு வரும்? மதுரையில் குழாயைத் திறக்கும் நானும் நீங்களும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். அதனால்தான் அந்தப் புத்தகம் தொந்தரவு செய்கிறது.

பென்னிகுவிக்கைப் பற்றி அப்படி ஒரு தொந்தரவு நமக்கு வருவதே இல்லை. காரணம் இருக்கிறது. அணை பலவீனம் என்று கேரளா குரல் உயர்த்த உயர்த்த, இங்கே அவர் உயரமும் கூடியது. 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கே திரண்டு குமுளியை நோக்கிப் போனது. 2013 ஜனவரியில் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். 2022-ல் இங்கிலாந்தில் சிலை. சிலை விஷயத்தில் மட்டும் இரண்டு கழகத்துக்கும் சண்டை கிடையாது. மதுரையில் நூலகம் கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தை அவர் வாழ்ந்த வீடு என்று சொல்லிப் பெரிய ரகளை ஆனது. அந்தக் கட்டடம் 1913-ல்தான் முடிந்தது, அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று அரசாங்கம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு உயிர் அந்த அணைதான். விவசாயியின் பயம் நியாயமானது. ஆனால் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் ராத்திரி மழை பெய்தால் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்கள் வீட்டில் யார் படத்தை மாட்டுவது?

ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்தநாள். பாலார்பட்டியில் பொங்கல் வைப்பார்கள், மணிமண்டபத்தில் மாலை போடுவார்கள். தாராளமாகச் செய்யட்டும், அந்த மனிதருக்குத் தகும். கூடவே அந்த மண்டபத்தில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து செத்தவர்களுக்கு ஒரு கல்வெட்டு வைக்கலாம். பெயர் கிடைத்தால் பெயர், இல்லாவிட்டால் எண்ணிக்கை. இதற்கு யாரும் நகையை விற்க வேண்டியிருக்காது.